தண்ணீரை எப்படிக் கொன்றீர்கள்?

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மூலக்கூறு உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் அவள் சைபர். ஐந்து வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமைக் கூட்டத்திலும் எழுந்து நின்று, இந்த வாரமும் சைபர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவள் தேடிக்கொண்டிருந்தது அமுதம்-1 என்ற மரபணு. காய்ந்த சேற்றுக்குள் பத்து மாதம் செத்ததுபோல் கிடந்து, மழை பெய்ததும் எழுந்து நீந்திப்போகும் ஒரு மீனுக்குள் அது இருக்கிறது என்று பத்தொன்பது வருடங்களுக்கு முன் இயக்குநர் கண்டுபிடித்திருந்தார். நீண்ட ஆயுளின் ரகசியமே அதற்குள் அடங்கியிருப்பதாக அவர் எழுதிய கட்டுரை உலகம் சுற்றியது. அந்தக் கட்டுரையிலிருந்து ஐந்து மாடிக் கட்டடம் முளைத்தது. வாசலில் ஆளுயர மீன் சிலை முளைத்தது. அமுதம்-2 என்று எதுவும் இன்றுவரை கிடையாது. பிறகு ஏன் ஒன்று என்று எண் போட்டீர்கள் என யாரோ ஒரு முறை கேட்டதற்கு, அது தன் அடக்கத்தைக் காட்டுகிறது என்றார் இயக்குநர்.

செய்முறை சிக்கலானதல்ல. மீனின் தசையில் துளி எடுத்து அரைத்து, ஒரு கரைசலில் ஊறவைத்து, மரபணுப் பொருளைப் பிரித்து, பிசிஆர் மெஷினில் வைத்துப் பெருக்க வேண்டும். அமுதம் இருந்தால் கடைசியில் ஊதா விளக்கின் கீழே ஒரு கோடு பளிச்சென்று தெரியும். சைபருக்கு அந்தக் கோடு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஐந்து வருடத்தில் அறுநூற்றுப் பதினான்கு மீன்கள் அவளுக்காக உயிரை விட்டிருந்தன, ஒரு பிரயோஜனமும் இல்லாமல்.

நிறுவனத்தில் இதற்கு ஒரு கொள்கை இருந்தது. கோடு வந்தால் அது இயக்குநரின் கண்டுபிடிப்பு. வராவிட்டால் மாணவரின் கை சரியில்லை. கை சரியில்லாதவர்களுக்காக மூன்று நாள் கைப் பயிற்சி முகாம் நடக்கும். முதல் நாள் மூச்சுப் பயிற்சி, இரண்டாம் நாள் குழாயைப் பிடிக்கும் விதம், மூன்றாம் நாள் குழுப் படம். முடிவில் தரும் சான்றிதழில், "இவருடைய கைகள் முகாமில் முழுமையாகக் கலந்துகொண்டன" என்று அச்சடித்திருக்கும். சைபர் நான்கு முகாம்களுக்குப் போனாள். நான்காவது முகாமில் நாற்காலி போடுகிற பொறுப்பையே அவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

இப்படி ஐந்து வருடம் கேட்டால் யாருக்குமே தன் கை மேல் சந்தேகம் வந்துவிடும். வீட்டில் குழம்பு ஊற்றும்போதுகூட கரண்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்க ஆரம்பித்தாள். அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில் அடுத்த வருடம் மகள் டாக்டர் ஆகிவிடுவாள் என்று ஐந்தாவது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முனைவர் பட்டத்துக்கான பதிவுக்காலம் முடிய இரண்டே மாதம் இருக்கும்போது இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். இனி அவளுக்குப் பெரிய பாட்டில்தான் கதி என்று மூன்றாம் மாடியில் பேசிக்கொண்டார்கள்.

பெரிய பாட்டில் இயக்குநரின் அறையில், பூட்டுப் போட்ட சிறிய ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. முதல் கண்டுபிடிப்பின்போது அவர் தன் கையாலேயே கலக்கிய கரைசல் அது. பத்தொன்பது வருடத்தில் அது ஒரு தடவைகூடக் காலியானதில்லை. குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்புவார்கள். கழுவியது மட்டும் கிடையாது. கீழ்நிலை மாணவர்கள் கட்டுரையில் உள்ள குறிப்பைப் பார்த்துத் தாங்களாகவே கரைசல் கலக்கிக்கொள்ள வேண்டும். இயக்குநருக்கு யாரிடம் நம்பிக்கை பிறக்கிறதோ அவர்களுக்கு மட்டும் பெரிய பாட்டிலிலிருந்து ஒரு சிறு குப்பி கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து யாராவது எங்களுக்கு அமுதம் கிடைக்கவில்லையே என்று எழுதினால், அவர்களுக்கும் ஒரு குப்பி ரிப்பன் கட்டிப் போகும். அடுத்த மாதமே கிடைத்துவிட்டது என்று நன்றிக் கடிதம் வரும்.

இயக்குநர் ஊற்றியபோது அவள் குப்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் அதைக் கவனித்துவிட்டு, பரவாயில்லை, எல்லோருக்கும் முதல் தடவை அப்படித்தான் என்றார்.

அன்று மாலையே கோடு வந்தது. மங்கலாக இல்லை, சுண்ணாம்பில் இழுத்த மாதிரி வந்தது. அவள் விளக்கை அணைத்துப் போட்டு மூன்று முறை பார்த்தாள். பிறகு அந்த இருட்டறையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மறுநாள் கூட்டத்தில் கை தட்டினார்கள். கதவோரத்து நாற்காலியிலிருந்து அவளை இரண்டாம் வரிசைக்கு மாற்றினார்கள். அவள் கைகளைப் படம் பிடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

வீட்டில் அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அக்காவுக்கு வேலை தெருமுனையில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்தில். பன்னிரண்டாம் வகுப்போடு ஒரு வருடப் படிப்பு. காலை ஆறு மணிக்கே ஊசியும் பஞ்சுமாக நின்றாக வேண்டும்.

"வெறும் தண்ணிய வெச்சுப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? அதுல என்ன இருக்கப்போவுது?"

"இருக்கக் கூடாதுன்னுதான் பாக்கணும். நாங்க காலையில மொதல்ல தண்ணியத்தான் ஓட்டிப் பாப்போம். அதுல சர்க்கரை காட்டுச்சுன்னா மெஷின்ல கோளாறுன்னு அர்த்தம். தண்ணிக்குச் சர்க்கரை வியாதின்னு ரிப்போர்ட் எழுதித் தர மாட்டோம்."

இத்தனை படித்தவர்கள் இருக்கும் கட்டடத்தில் இதைச் செய்யாமலா இருந்திருப்பார்கள் என்று சைபருக்கு லேசாகக் கோபம்கூட வந்தது. ஆனாலும் மறுநாள், அக்காவின் வாயை அடைப்பதற்காகவாவது, மீனுக்குப் பதில் கொதித்து ஆறிய தண்ணீரை அந்தக் குப்பிக் கரைசலில் வைத்து ஓட்டினாள்.

தண்ணீரில் கோடு வந்தது. மீனில் வந்ததைவிட அழகாக வந்தது.

அடுத்த நான்கு நாட்களில் அவள் குழாய்த் தண்ணீர், கேன்டீன் டீ, கைப் பயிற்சிச் சான்றிதழின் ஓரத்தில் கிள்ளிய காகிதம், ஒன்றுமே போடாத காலிக் குழாய் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாள். அத்தனையிலும் நீண்ட ஆயுளின் ரகசியம் இருந்தது. தானே புதிதாகக் கலக்கிய கரைசலில் மீனை வைத்துப் பார்த்தபோது மட்டும் பழையபடி சைபர்.

அந்தக் கோட்டிலிருந்த மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கக் கொடுத்து வாங்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். அங்கே ஜன்னல் இல்லாத அறையில், பழைய நோட்டுப் புத்தக அலமாரிகளுக்கு நடுவே, நிறுவனத்தின் ஒரே உயிர்த் தகவலியலாளர் உட்கார்ந்திருந்தார். மரபணு எழுத்துகளைக் கணினியில் ஒப்பிட்டுச் சொல்வது அவர் வேலை. பதினொரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் தற்காலிக வேலை. ஒன்பது வருடமாகத் தற்காலிகம். எல்லோரும் அவரைக் கீழ்த்தளத்தார் என்பார்கள்.

உலகத்தில் இதுவரை வாசிக்கப்பட்ட மரபணுக்களோடு ஒப்பிட அவருடைய கணினிக்கு நான்கு விநாடி பிடித்தது. ஈரக் குழாய்களிலும் சோப்பு டப்பாவின் அடியிலும் வளரும் ஒரு கிருமி. நூற்றுக்கு நூறு பொருத்தம். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதே கிருமி, அதே பொருத்தம், தேதி மட்டும் நான்கு வருடத்துக்கு முந்தியது. கூடவே நிறுவனத்திலிருந்து வந்த பதிலும் இருந்தது: தங்கள் ஆலோசனை வரிசையில் உள்ளது; தயவுசெய்து இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

"அப்புறம் நீங்க கேக்கவே இல்லையாண்ணா?"

"எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா. பதினொரு மாசத்துக்கு ஒரு தடவை கையெழுத்து அந்த ஆள்தான் போடணும்." தாளை வாங்கி மறுபடி இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, "நீயும் கேக்காத. கோடு வந்துருச்சில்ல, பட்டத்த வாங்கிட்டுப் போயிரு" என்றார்.

வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. இரண்டு நாள் அந்த ஆசையோடுதான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பக்கத்து நாற்காலிக்காரி தனக்கு வந்த கோட்டைக் காட்டிப் பூரித்தபோது, ஏதோ திருட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் இவளுக்கு உடம்பு கூசியது. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி, விதிப்படி நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்தாள்.

குழு ஒரே வாரத்தில் அவளைக் கூப்பிட்டது. அந்த வேகமே எல்லோருக்கும் ஆச்சரியம். நீள மேஜையில் ஐந்து பேர் இருந்தார்கள். தலைவி அம்மாள் ஒரு காலத்தில் விலங்கியல் படித்தவர். எட்டு வருடமாகப் படிவம் மட்டும் படிக்கிறார்.

"உன்னத் தண்டிக்கறதுக்குக் கூப்பிடலம்மா. விஞ்ஞானத்துல கேள்வி கேக்கறது ரொம்ப முக்கியம். அதனாலதான் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும்னு வெச்சிருக்கோம். தண்ணிய வெச்சுச் சோதனை பண்ண அனுமதி வாங்கினியா?"

மீனுக்கு வாங்கியிருக்கிறேன், தண்ணீருக்கும் வாங்க வேண்டும் என்று தெரியாது என்றாள் சைபர். தலைவி அம்மாள் பதினெட்டுப் பக்கப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். சோதனைக்கு உட்படும் பிராணி என்ற இடத்தில் தண்ணீர் என்று எழுதச் சொன்னார்கள். வயது, பாலினம் இரண்டுக்கும் தெரியாது என்று எழுதினாள். தெரியாது என்று ஒரு விடை படிவத்தில் இல்லாததால் அது திரும்பி வந்தது. மற்றவை என்ற கட்டத்தில் டிக் அடித்ததும் ஏற்றுக்கொண்டார்கள். பதினான்காம் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டாள்.

"சோதனை முடிஞ்சதும் பிராணிய எப்படிக் கொன்னீங்கங்கறதுக்குப் பதிலே எழுதல" என்றார் தலைவி அம்மாள்.

"தண்ணியம்மா அது."

"தெரியுது. எப்படிக் கொன்னே?"

"கொதிக்க வெச்சேன்."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மயக்க மருந்து கொடுக்காமலா என்று கடைசியில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார். அரை மணி நேரம் ஆலோசித்து, இது முதல் தவறு என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். பாட்டிலில் கிருமி இருப்பதைப் பற்றி என்ன செய்வீர்கள் என்று அவள் வாசலில் நின்று கேட்டாள். அது பொருட்கள் வாங்கும் பிரிவின் கீழ் வரும் என்றார் தலைவி அம்மாள்.

விஷயம் இயக்குநரின் காதுக்குப் போனபோது, தன்னை அன்றே வெளியே அனுப்பிவிடுவார் என்று சைபர் எதிர்பார்த்தாள். அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. தண்ணீரிலும் அமுதமா என்று இரண்டு முறை கேட்டார். இத்தனை வருடம் வெறும் மீனோடு நின்றுவிட்டோமே, நம் பார்வை எவ்வளவு குறுகல் என்று வருத்தப்பட்டார். உயிருள்ளது, உயிரில்லாதது எல்லாவற்றிலும் அமுதம் இருக்கிறது என்று வரும் ஆண்டு விழாவிலேயே அறிவித்துவிடலாம். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. அன்றைக்கே மேடையில் வைத்து வாய்மொழித் தேர்வு, பட்டம், மறு மாதமே நிரந்தர வேலை என்றார். ஒரே ஒரு சின்னத் திருத்தம்தான். அவளுடைய அட்டவணையில் கடைசி வரியை, புதுக் கரைசலில் வைத்த மீனில் சைபர் என்கிற அந்த வரியை, எடுத்துவிட வேண்டும்.

"ஐயா, அது பாட்டில்ல வளர்ற கிருமி."

"எந்தப் பாட்டில்?"

"உங்க பாட்டில்."

இயக்குநர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை.

"அந்தப் பாட்டில் இதுவரைக்கும் நாப்பத்தோரு பேருக்குப் பட்டம் குடுத்திருக்கும்மா. உன்னோட உண்மை எத்தன பேருக்குக் குடுத்திருக்கு?"

அந்தக் கேள்வி அவளை மூன்று மாடியும் தாண்டிக் கீழ்த்தளத்துக்குத் துரத்தியது. நாற்பத்தொரு பேர் பட்டம் வாங்கினார்கள் என்றால் வாங்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். கீழ்த்தளத்தார் எழுந்து, சுவரோரத்து அலமாரியிலிருந்து நோட்டுப் புத்தகங்களை இறக்க ஆரம்பித்தார். இருபத்தாறு பேர். ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும் சிவப்பு மையில் கை சரியில்லை என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து ஒரு வாரம் அத்தனையையும் படித்தாள். இருபத்தாறு பேரும் கரைசலைத் தாங்களே கலக்கியவர்கள். ஒவ்வொரு கிராமையும் நிறுத்து, ஒவ்வொரு குழாயையும் கழுவி, தேதி போட்டு எழுதியவர்கள். ஒரு மாணவன் மீன்களுக்குப் பெயர்கூட வைத்திருந்தான். ஒருத்தி கடைசிப் பக்கத்தில், இருநூறாவது முறையும் வரவில்லை, தவறு என்னிடம்தான் என்று எழுதி முடித்திருந்தாள். அதைப் படித்ததும் சைபருக்கு அழுகை வரவில்லை. காது மடல் சூடானது. தவறில்லாமல் வேலை செய்ததற்காக இருபத்தாறு பேரைத் துரத்தியிருக்கிறார்கள். கிருமியை வளர்த்தவர்களுக்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

அவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. கிடைத்த எண்களில் எல்லாம் பேசி, ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டாள். பத்தொன்பது பேர் சம்மதம் சொன்னார்கள். கார் ஓட்டப் பழக்குகிற ஒரு பெண் மட்டும், "அப்ப என் கையில ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். இல்லக்கா, உங்க நோட்டுதான் இருக்கறதுலயே சுத்தமான நோட்டு என்றாள் சைபர்.

ஆண்டு விழாவன்று அரங்கம் நிறைந்திருந்தது. மேடைப் பின்னணியில் தண்ணீர்த் துளிக்குள் மீன் நீந்துகிற பெரிய படம். இயக்குநர் பேசி முடித்து அவளைக் கூப்பிட்டார். அவள் அட்டவணையைத் திரையில் போட்டாள். கடைசி வரி இருந்தது. அதற்குக் கீழே பத்தொன்பது பேரின் பெயர்களும் வருடங்களும் இருந்தன. பெயருக்கு எதிரே சைபர், சைபர் என்று திரையின் அடிவரைக்கும் இறங்கிப்போயின. பெரிய பாட்டிலைத் தொட்டவர்களுக்கெல்லாம் கோடு வந்தது, தொடாதவர்களுக்கு ஒருவருக்கும் வரவில்லை, மீனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று குரலை உயர்த்தாமல் சொன்னாள். தன் ஆய்வேட்டையும் பாட்டிலைப் பற்றிய கணக்கையும் அன்று காலையே யாரும் படிக்கக்கூடிய பொதுத் தளத்தில் ஏற்றிவிட்டதாகவும் சொன்னாள். அரங்கத்தில் கைப்பேசிகள் வெளியே வந்தன.

தலைவி அம்மாள் எழுந்து, கணினி ஒப்பீட்டுக்கு மூத்தவர் யாராவது சான்று கூறியிருக்கிறார்களா என்று கேட்டார். கூறாவிட்டால் செல்லாதாம். சைபர் கையிலிருந்த தாள்களை அடுக்கினாள். கீழ்த்தளத்தாரின் பெயரைச் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அப்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். ஒன்பது வருடத்தில் அவரை வெளிச்சத்தில் பார்த்தவர்கள் குறைவு என்பதால் காவலாளி ஓடிவந்து அடையாள அட்டை கேட்டார். கீழ்த்தளத்தார் அட்டையைக் காட்டிவிட்டு, "நான் சொல்றேன். நாலு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னேன், இப்பவும் அதேதான் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டும் உட்காரவில்லை.

இயக்குநர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உண்மை வேற, நிறுவனம் வேற. உண்மை எங்கயும் ஓடிப்போயிடாது. நாளைக்கும் இருக்கும், நூறு வருஷம் கழிச்சும் இருக்கும். நிறுவனம் அப்படியில்ல, நாம பாத்துக்கலேன்னா போயிடும். அப்ப ரெண்டுல எத மொதல்ல காப்பாத்தணும்? நீங்களே சொல்லுங்க."

முன்வரிசை கை தட்டியது. கதவோரத்தில் நின்றவர்கள் தட்டவில்லை.

தேர்வுக் குழு அன்று மாலையே தீர்ப்பு எழுதியது. ஆய்வேடு முழுமையடையவில்லை, காரணம், முடிவுகள் தேவைக்கு அதிகமாக உள்ளன. பதினான்கு மாதம் கழித்து இயக்குநரின் பழைய கட்டுரையை வெளியிட்ட வெளிநாட்டுப் பத்திரிகை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி போட்டது. அதற்குள் இயக்குநர், ஆய்வில் நேர்மையைக் கண்காணிக்கும் மேல்மட்டக் குழுவுக்குத் தலைவராகப் போய்விட்டிருந்தார். பாட்டிலைக் கழுவலாமா என்று ஆராய மூவர் குழு ஒன்று போடப்பட்டது. அது இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் சைபர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தீர்ப்பு வந்த மறுநாளே சாமான்களை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் வெளியேறும் படிவத்தைத் திரையில் திறந்தார். வெளியேறும் காரணம் என்ற இடத்தில் மூன்று விடைகள்தான் இருந்தன: குடும்பம், உடல்நிலை, தகுதிக்குறைவு. எதில் டிக் போடட்டும் என்று கேட்டார்.

"மூணுமே இல்ல. நாலாவதா ஒண்ணு போடுங்க. முடிவு கிடைத்துவிட்டதுன்னு."

அப்படி ஒரு கட்டம் கிடையாது, இதுவரை யாரும் கேட்டதில்லை, மேலிடத்தில் எழுதி வாங்க மாதக்கணக்காகும் என்றார் எழுத்தர். தகுதிக்குறைவில் போட்டுவிட்டால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்றும் நல்ல மனதோடு சொன்னார்.

"அப்ப நான் இன்னும் வெளிய போகல" என்று சொல்லிவிட்டு அவள் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மறுநாளும் ஒன்பது மணிக்கு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து, பக்கத்தில் இடம் போதுமா என்று பார்த்து உட்கார்ந்தாள். அன்று பிற்பகல் கார் ஓட்டப் பழக்குகிற அந்தப் பெண் வந்தாள். நான்காம் நாள் அந்த இருபத்தாறு பேரில் ஏழு பேர் வந்திருந்தார்கள். பெஞ்ச் போதாமல் கேன்டீனிலிருந்து நாற்காலி போட்டார்கள். வரிசை நடைபாதையைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனபோது, எழுத்தர் யாரிடமோ தொலைபேசியில் வெகுநேரம் கெஞ்சினார். ஆறாம் நாள் காலை திரையை அவள் பக்கம் திருப்பினார். நான்காவது கட்டம் வந்திருந்தது.

அவள் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள். திரும்பிப் பார்த்தபோது, பின்னால் கீழ்த்தளத்தார் தன் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே, அடுத்தது நான்தானே என்று எழுத்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.